கேற்றடியில் இரண்டு சட்டி

எங்கள் பக்கத்தில் மகளுக்குக் கலியாணம் என்றால் வீடு அவளுக்கு. பெற்றவர்கள் வெளிக்கிட வேண்டும். களுவாஞ்சிக்குடியில் நாங்களும் அப்படித்தான் செய்தோம். இருபத்தெட்டு வருஷம் நான் ஆண்ட கல்வீட்டைச் சீதனமாக எழுதிக் கொடுத்துவிட்டு, அதே வளவின் பின்பக்கம் கட்டிய இரண்டு அறைக்குள் நானும் அவரும் போனோம். பொறுப்பு முடிந்தது, இனி நிம்மதி என்று வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். நிம்மதி வேண்டுமென்று நான் ஒருவரிடமும் கேட்கவில்லை.

ஐந்தாம் நாள் காலை மீன்காரர் மோட்டார் சைக்கிளில் வந்து கோர்ன் அடித்தார். அந்தச் சத்தத்துக்கு என் கால் என்னைக் கேட்காது. சட்டியைத் தூக்கிக்கொண்டு கோழிக்கூட்டைச் சுற்றி, கிணற்றடியைத் தாண்டி ஓடினேன். பார்த்தால், குசினிக் கதவால் மகளும் சட்டியோடு ஓடி வருகிறாள். என்னைக் கண்டதும் சிரித்துக்கொண்டு இன்னும் வேகமாக ஓடினாள். விடுவேனா? இந்த வயதில் நானும் எட்டி வைத்தேன். இரண்டு பேரும் ஒன்றாகத்தான் கேற்றில் போய் முட்டினோம்.

மீன்காரர் இரண்டு சட்டியையும் பார்த்தார். ஆற்றில் பிடிபடும் நல்ல மணலை மீனை எனக்கென்று ஒளித்துவைத்துத் தருகிற மனுஷன். அதை எடுத்து மகளுடைய சட்டியில் போட்டார்.

"வீட்டுக்காரிக்கித்தானே கா முதல்ல குடுக்கணும்" என்றார்.

"அப்ப நான் ஆரு?"

"நீங்க வீட்டுக்காரிர அம்மா."

மகள் வாயைப் பொத்தினாள். எனக்குக் கோபம்தான் வந்தது; வாயைத் திறந்தால் சிரிப்பு வருகிறது. கேற்றைப் பிடித்தபடி குந்திவிட்டேன். கண்ணீர் வழிந்தது. எல்லாம் சிரிப்பால் வந்ததில்லை. அதைச் சொல்ல எனக்கு வெட்கமுமில்லை. இந்த வீட்டை என் அம்மாவிடமிருந்து நானும் இப்படித்தான் வாங்கினேன். அன்றைக்கு அவவிடம் சாவி எங்கே என்று மட்டும்தான் கேட்டேன்.

சத்தம் கேட்டு மருமகன் வெளியே வந்தார். "ஏன் மாமி வெயிலுக்க? உள்ள வந்து இரிங்க" என்றார். நான் வாங்கிப் போட்ட கதிரையில் இருக்க எனக்கே அழைப்பு. நல்ல பொடியன். ஒரு பிழையும் செய்யாத ஆளோடு எப்படிச் சண்டை பிடிப்பது? மறுபடியும் சிரிப்பு வந்து தொலைத்தது.

எழும்பி மீன்காரரிடம் சொன்னேன்: "நாளைக்குப் பின்னொழுங்கையால வாங்க. அங்கயும் ஒரு வீடு இரிக்கு."

அந்த ஒழுங்கை மணலில் மோட்டார் சைக்கிள் சில்லுப் புதையும் என்றார். புதையட்டும், உருட்டிக்கொண்டு வாருங்கள் என்றேன்.

வந்தார். பாதி ஒழுங்கையில் சில்லு மணலுக்குள் இறங்கிவிட்டது. மீன் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்து ஏசினார். நானும் விடவில்லை, திருப்பி ஏசினேன். இரண்டு பேருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் என்னை வீட்டுக்காரி என்றும் சொல்லவில்லை, வீட்டுக்காரியின் அம்மா என்றும் சொல்லவில்லை.

"தள்ளுங்க கா" என்றார்.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தள்ளினேன்.