வெள்ளிக்கிழமை வாசலில் நிற்பவர்

அந்த ஆஸ்பத்திரியின் பின்பக்கம், பாய்லர் புகைபோக்கிக்குக் கீழே சலவைக்கூடம். துவைக்கிற அறை, உலர்த்துகிற அறை, அதைத் தாண்டி மடிக்கிற அறை. மடிக்கிற அறையில் வேலை செய்கிறவளை டாக்டர் முதல் வாட்ச்மேன் வரை எல்லோரும் மடிப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளத்தன்றைக்கு மட்டும்தான் காதில் விழும்.

கட்டில் விரிப்பை ஒற்றை ஆள் மடிக்க முடியாது. எதிரும் புதிருமாக நின்று ஆளுக்கு இரண்டு முனையைப் பிடிக்க வேண்டும். இழுத்து உதற வேண்டும். நடுவில் வந்து முனையோடு முனை சேர்த்து, மறுபடி விலக வேண்டும். மடிப்பக்காவோடு எதிரில் நின்ற கிழவி ஓய்வு பெற்றுப் போன பிறகு, அந்த இடத்துக்கு ஆஸ்பத்திரி ஆள் போடவில்லை. அப்போது அவள் புருஷன்தான் சுவரில் தோளுயரத்துக்கு இரண்டு கொக்கி அடித்துக் கொடுத்தான்.

"இந்தா, உனக்குக் கூட்டாளி. லீவு போடாது, வம்பு பேசாது."

"வம்பு பேசத்தான் கூட்டாளியே வேணும்," என்றாள் அவள்.

"அதுக்கு நான் இருக்கேன்ல?"

அவன் அதே ஆஸ்பத்திரியில் லிஃப்ட் மெக்கானிக். இப்போது அவன் இல்லை. கொக்கி இருக்கிறது.

அவன் போன விதம் இது. லிஃப்டின் அடிக்குழியில் இறங்கி வேலை செய்யும்போது, அவன் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வான். கட்டை அவன் பையில் இருக்கும்வரை கரண்ட் வராது, லிஃப்ட் நகராது. லிஃப்ட் ஓட்டுகிறவருக்கும் அவனுக்கும் உள்ள ஏற்பாடு அது. இருவரும் ஒருவரையொருவர் மச்சான் என்று கூப்பிட்டுக்கொள்கிற சிநேகிதர்கள். அவன் கிறிஸ்தவன், அவர் முஸ்லிம். வேதம் வேறானாலும் உறவு அதுதான். ஒருமுறை மெக்கானிக் மறதியாகக் கட்டையைப் பையிலேயே வைத்துக்கொண்டு சாப்பிடப் போய்விட்டான். லிஃப்ட் ஓடாமல், நோயாளிகளின் சொந்தக்காரர்கள் லிஃப்ட்காரரைப் பிடித்துக் காய்ச்சி எடுத்துவிட்டார்கள். வந்தவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "இனிமே நான் மறந்தா இதைப் போட்டுக்க மச்சான்," என்று உபரியாக ஒரு கட்டையை அவர் கையில் கொடுத்தான்.

அந்தக் கட்டைதான் எமனாக வந்தது. பிரசவ வலியில் துடிக்கிற பெண்ணை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு எல்லோரும் கத்துகிறார்கள். லிஃப்ட்காரர் குழிப்பக்கம் குனிந்து கூப்பிட்டார். பதில் இல்லை. பக்கத்தில் தண்ணீர் மோட்டார் அறையிலிருந்து அப்படி ஒரு இரைச்சல். எப்போதும் குழி ஓரத்தில் இருக்கும் மெக்கானிக்கின் கருவிப் பையையும் காணோம். ஆள் சாப்பிடப் போய்விட்டான், வழக்கம்போல மறந்துவிட்டான் என்று நினைத்தார். கட்டையைச் செருகினார். மேலே நின்ற கூண்டு கீழே இறங்கியது. மெக்கானிக் குழிக்குள்ளேதான் இருந்தான், கருவிப் பையோடு.

விசாரணை நடந்தது. கவனக்குறைவு என்று லிஃப்ட்காரரை வேலையை விட்டு அனுப்பினார்கள். ஒரு கிடங்கில் காவல்காரராகச் சேர்ந்தார். அதற்கப்புறம் வந்த வெள்ளிக்கிழமை, பள்ளிவாசலில் தொழுகை முடிந்ததும் நேராகச் சலவைக்கூடத்தின் பின்வாசலுக்கு வந்து நின்றார். தொப்பியைக் கழற்றி மடித்துப் பையில் வைத்திருந்தார்.

"என்னை மன்னிச்சிருங்கம்மா."

முன்பெல்லாம் அவளைத் தங்கச்சி என்பார். அன்றைக்கு அந்த உறவு சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"என்கிட்ட எதுக்குக் கேக்கறீங்க? கடவுள்கிட்ட கேளுங்க," என்றாள் அவள், விரிப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். அல்லாவுக்கு நான் செஞ்ச தப்பை அவன் மன்னிச்சிருவான். அவன்கிட்ட கருணைக்கா பஞ்சம்? ஆனா உங்களுக்குச் செஞ்சதை நீங்கதாம்மா விடணும். மனுஷனுக்கு மனுஷன் செஞ்ச அநியாயத்தை, அனுபவிச்சவங்க விட்டாத்தான் உண்டு. எங்க மார்க்கத்துல அப்படித்தான்."

"எங்க வேதத்துல, எல்லார் பாவத்தையும் ஒருத்தர் சிலுவையில சுமந்துட்டாரு. உங்களுதும் அதுல இருக்கும். போயிட்டு வாங்க."

"ஒருத்தர் பாரத்தை இன்னொருத்தர் சுமக்க முடியாதுன்னு எங்களுக்குச் சொல்லியிருக்காங்கம்மா. என்னுதை நான்தான் தூக்கணும்."

"அப்ப தூக்குங்க," என்றாள்.

அவர் போய்விட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை வந்தார். அதற்கடுத்த வெள்ளிக்கிழமையும் வந்தார். மழை, வெயில் எதற்கும் வருவதை நிறுத்தவில்லை. "உங்க வெள்ளிக்கிழமை விருந்தாளி வந்தாச்சு," என்று பாய்லர்காரர் குரல் கொடுப்பார். முதலில் குத்தலாகத்தான் சொன்னார். போகப்போக அது மணி அடிப்பது மாதிரி ஆகிவிட்டது.

ஒருநாள், மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பப் போனவர், போகிற போக்கில் சொன்னார்: "மச்சானுக்கு உயரம்னா பயம் தெரியுமாம்மா? மேல்மாடிக்குப் போனா என் சட்டையைப் பிடிச்சுக்குவான்."

அவளுக்குத் தெரியாது. இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு அது தெரியாது. அன்று ராத்திரி தன் ஒற்றை அறையில் படுத்துக்கொண்டு, சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற புருஷனை நினைத்து, ரொம்ப நாளைக்கப்புறம் சிரித்தாள். அந்த வாரத்திலிருந்து லிஃப்ட்காரர் ஒவ்வொரு முறையும் ஒன்று சொல்லிவிட்டுப் போவார். அவன் டீக்கடையில் போட்ட சண்டை. அவன் பாடுகிற தப்பு ராகம். அவளுக்குச் செருப்பு வாங்கக் கடையில் தன் கையால் அளவு காட்டியது.

அவள் அண்ணி மட்டும் எப்போதாவது வருவாள். வந்தால் புத்திமதிதான். "போனவனை நெனச்சுக்கிட்டு எத்தனை நாளைக்கு? ஒரு டிவி வாங்கிப் போட்டுக்க, பேச்சுக் குரலாவது கேக்கும்." அவள் டிவி வாங்கவில்லை. சாப்பாட்டுக்கு முன்னால் ஜெபத்தை வாய்விட்டுச் சொல்வாள். வீட்டில் ஒரு குரல் கேட்க வேண்டாமா?

ஆனால் அந்த ஜெபத்தில் ஓர் இடம் வந்தால் வாய் கட்டிக்கொள்ளும். பிறர் செய்ததை நாங்கள் மன்னிப்பதுபோல எங்களையும் மன்னியும் என்கிற இடம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலும் அப்படித்தான். கூட்டத்தோடு சொல்லிக்கொண்டே வருவாள், அந்த வரி வந்ததும் நிறுத்திவிடுவாள், அதைத் தாண்டி மறுபடி சேர்ந்துகொள்வாள். போதகர் ஐயா கண்டுபிடித்துவிட்டார்.

"அந்த ஒரு வரிக்கு மட்டும் ஏம்மா தொண்டை கட்டிக்குது?"

"சளிங்க ஐயா."

"வருஷம் பூராவா சளி?" என்று சிரித்தவர், பிறகு சிரிப்பை விட்டார். "சிலுவையில அவர் சுமந்தது உன்னுதையும் சேர்த்துத்தான். நீ அதுக்கு என்ன கொடுத்த? ஒண்ணும் கொடுக்கல. சும்மா வாங்கினவங்க சும்மா கொடுக்கணும்மா."

அவள் தலையாட்டிவிட்டு வந்துவிட்டாள். இன்னும் கோபம் ஆறவில்லை போல என்று போதகர் நினைத்துக்கொண்டார். அவளும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை லிஃப்ட்காரர் வரவில்லை.

காலையிலேயே தலையை வாரி முடித்து, புதுசாகத் துவைத்த சேலை கட்டி வந்திருந்தாள். தொழுகை முடிகிற நேரம் தாண்டியது. விரிப்பின் முனையைக் கொக்கியில் மாட்டினாள், இழுத்தாள், வாசலைப் பார்த்தாள். மறுபடி இழுத்தாள், மறுபடி பார்த்தாள். வாசலில் பூனைதான் படுத்திருந்தது.

"என்னக்கா, விருந்தாளியைக் காணோம்? மன்னிச்சு அனுப்பிட்டீங்களா?" என்றார் பாய்லர்காரர்.

"இல்லையே," என்றாள்.

அந்த 'இல்லையே' அவள் காதிலேயே விழுந்தது. அது கோபத்தில் சொன்ன சொல்லாக இல்லை. பொருள் இன்னும் பத்திரமாகத்தான் இருக்கிறது என்று பூட்டை இழுத்துப் பார்க்கிறவளின் குரல் அது.

விரிப்பை அப்படியே கொக்கியில் விட்டுவிட்டு மேசையில் உட்கார்ந்தாள். கோபம் எங்கே என்று தேடிப் பார்த்தாள். எங்கேயும் இல்லை. ஒரு மழைநாளில் அவர் நனைந்துகொண்டு நின்றபோது, "ஓரமா நில்லுங்கண்ணே, சளி பிடிக்கும்," என்று தொண்டை வரைக்கும் வந்து முழுங்கினாளே, அன்றைக்கே போய்விட்டது. அதற்கப்புறமும் சொல்லவில்லை. சொல்லிவிட்டால் அவர் வரமாட்டார். வெள்ளிக்கிழமை என்று ஒரு கிழமை இருக்காது. புருஷனைப் பற்றிப் பேச உலகத்தில் வேறு ஆள் கிடையாது. அதனால் ஒரு மனுஷனை, விரிப்பைக் கொக்கியில் மாட்டுகிற மாதிரி மாட்டி வைத்திருந்தாள். சிலுவையைச் சாக்குச் சொல்லி வேறு அனுப்பியிருக்கிறாள். 'ஆண்டவரே,' என்றாள் மனதுக்குள். அதற்குமேல் ஜெபம் வரவில்லை.

வேலை முடிந்ததும் விசாரித்துக்கொண்டு கிடங்குக்குப் போனாள். கிடங்கின் பின்னால் தகரம் வேய்ந்த ஓர் அறை. அவர் மனைவி கதவைத் திறந்தாள். மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்கதானா அது? வாங்க. அவருக்குக் கால் வீங்கிப்போச்சு. நின்னு நின்னு வந்த வீக்கம். நாற்காலியில உக்காருங்க, உங்களையும் நிக்க வெச்சா நல்லா இருக்காது."

குத்தல் எங்கே குத்த வேண்டுமோ அங்கே குத்தியது. அவள் உட்கார்ந்தாள். கட்டிலில் இருந்த லிஃப்ட்காரர் பதறி எழுந்திருக்கப் பார்த்தார்.

"படுங்க," என்றாள் மனைவி. "எம் மகன் ஹஜ்ஜுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு வருஷா வருஷம் கேக்கறாம்மா. 'அந்தம்மா மன்னிக்காம எந்த முகத்தோட அங்க போய் நிக்கிறது'ன்னு இவர் நகர மாட்டேங்கறார். உங்க வாயிலேர்ந்து ஒரு வார்த்தை விழுமான்னு பாத்துக்கிட்டே கிழவராயிட்டார்."

"சும்மா இரு," என்றார் அவர்.

"சும்மாத்தான் இருந்தேன் இவ்வளவு நாளும்," என்று சொல்லிவிட்டு மனைவி டீ போட உள்ளே போனாள்.

மடிப்பக்கா சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு பேசினாள்.

"அண்ணே, நான் உங்களை மன்னிச்சு ரொம்ப நாளாச்சு."

அவர் கையூன்றி நிமிர்ந்தார்.

"அந்த மழை பெய்ஞ்ச அன்னிக்கே போயிருச்சுண்ணே கோபம். சொல்லல. சொன்னா நீங்க வரமாட்டீங்க. எனக்கு வேற யாரும் வர்றதில்ல." குரல் உடைந்தது, நிறுத்திக்கொண்டு மறுபடி சொன்னாள். "உங்க மார்க்கத்துப்படியே கேக்கறேன். உங்களுக்கு நான் செஞ்ச அநியாயத்தை நீங்கதான் விடணும். என்னை மன்னிச்சிருங்க."

சந்தோஷப்படுவார் என்று நினைத்து வந்தாளா என்பது அவளுக்கே தெரியாது. அவர் முகம் கறுத்துவிட்டது. கண் கலங்கியது, ஆனால் அது கோபக் கண்ணீர்.

"ஒவ்வொரு தொழுகையிலயும் அழுதேம்மா," என்றார். "ஒவ்வொண்ணுலயும். என் மச்சானைக் கொன்னவன்னு என் கையை நானே பாக்க மாட்டேன். நீங்க மன்னிச்சுட்டு உள்ள வெச்சிருந்தீங்களா?"

அவள் கையில் சுற்றியிருந்த தலைப்பை அவிழ்த்தாள்.

"இன்னிக்குப் போங்க. எனக்கு இப்ப வாய் வராது."

மனைவி கொண்டுவந்து வைத்த டீ ஆறிப்போய் நாற்காலிப் பக்கத்தில் இருந்தது. அவள் எழுந்து வந்தாள். தெருவில் நடக்கும்போது ஒன்று உறைத்தது. 'இப்ப வாய் வராது' என்று ஒருவர் சொல்வதைக் கேட்டுவிட்டுத் திரும்பி நடப்பது இப்படித்தான் இருக்கும். அவர் எத்தனை வாரம் இப்படி நடந்திருக்கிறார்!

அடுத்த வெள்ளிக்கிழமை மதியம் அரை நாள் லீவு கேட்டாள். பாய்லர்காரருக்கே ஆச்சரியம். பள்ளிவாசல் வெளிக்கதவுக்கு எதிரே, செருப்புகள் கிடக்கிற படிக்கு அப்பால், முக்காடு போட்டுக்கொண்டு நின்றாள். வெயில் சுள்ளென்று அடித்தது. உள்ளே ஓதுகிற குரல் கேட்டது. ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் தலை தானாகக் குனிந்தது. யாரிடம் பேசுகிறார்கள் என்பது தெரியும் அல்லவா.

கூட்டம் வெளியே வந்தது. சிலர் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்கள். கடைசியில் தடி ஊன்றிக்கொண்டு லிஃப்ட்காரர் வந்தார். அவளைப் பார்த்ததும் நின்றார். செருப்பைக்கூடத் தேடாமல், வெறுங்காலோடு, சுடுகிற தரையில் வேகவேகமாக நொண்டி வந்தார்.

"மன்னிச்சுட்டேன், தங்கச்சி," என்றார், மூச்சு வாங்க. "மன்னிச்சுட்டேன். நிக்காதீங்க. நிக்கிறவங்க கால்வலி எனக்குத் தெரியும்."

அவள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"ஹஜ்ஜுக்குப் போயிட்டு வாங்கண்ணே."

"போறேன். திரும்பி வந்தா மகன் வீட்டோட இருக்கச் சொல்றான். ரொம்ப தூரம்." சிறிது தயங்கினார். "மச்சான் கதை ஒண்ணு பாக்கி இருக்கு. அந்த உபரிக் கட்டையைக் கொடுத்த அன்னிக்கு, 'என் பொண்டாட்டி கையால மடிச்ச விரிப்புல படுக்கணும்னே எனக்கு வியாதி வரணும் போல இருக்கு'ன்னு சொன்னான். இவ்வளவு நாளா சொல்ல மனசு வரல."

அவர் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு ஒரு பக்கம் போனார். அவள் மறுபக்கம் போனாள்.

அதற்கப்புறம் வெள்ளிக்கிழமைகள் மற்றக் கிழமைகள் மாதிரியே வந்தன. பாய்லர்காரர் குரல் கொடுப்பதில்லை. பின்வாசலில் பூனை படுத்திருக்கும். அவள் விரிப்பைக் கொக்கியில் மாட்டி, இழுத்து, உதறி, முனை சேர்த்து மடிப்பாள். வீட்டுக்குப் போய் ஒரு ஆளுக்குச் சமைப்பாள். தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து வாய்விட்டு ஜெபம் சொல்வாள். அந்த வரி வரும். நிறுத்தாமல் சொல்லிவிட்டு, மேலே போவாள். கேட்க அறையில் யாரும் இல்லை. கேட்கிறவர் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார் என்று சோற்றில் கை வைப்பாள்.