ஏப்ரலில் உருகாத மண்

வைகாசியில் தெற்கிலிருந்து சோழகக் காற்று தொடங்கிவிட்டால் எங்கள் பக்கம் சோற்றிலும் மணல், தேத்தண்ணியிலும் மணல். வாயை மூடிக்கொண்டிருந்தாலும் பல்லுக்குள் நறநறக்கும்... பருத்தித்துறைக்குக் கிழக்கே கடற்கரையோரம் இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அந்த மணல் எங்கள் வீட்டுக்கு வரும் ஒடுக்கமான ஒழுங்கையையும் மூடிவிடும். நானோ கரையில் மீன் எடுத்து, ஐஸ் பெட்டியில் அடுக்கி, பிக்கப்பில் சந்தைக்குக் கொண்டுபோகிறவன். வண்டி மண்ணில் புதைந்தால் அன்றைய பிழைப்புக் கருவாடுதான். அதனால் விடிந்ததும் மண்வெட்டியும் கையுமாக நிற்பேன்.

சில வருடங்களுக்கு முன் அப்படியொரு சோழகத்தில்தான் அக்காவும் அத்தானும் கனடாவிலிருந்து லீவில் வந்தார்கள். அத்தான் அங்கே தன் சொந்த ட்ரக்கின் முன்னால் ஸ்நோ தள்ளும் பிளேட் பூட்டி, குளிர்காலம் முழுக்க வீட்டு வாசல்களைத் துப்புரவாக்கி உழைத்தவர். நான் மண் வெட்டுவதைப் பார்த்துச் சிரித்தார்.

"எடேய் மச்சான், உந்த மண்ணை ஏன் கையாலை அள்ளுறாய்? முன்னுக்கு ஒரு பிளேட் போட்டால் அஞ்சு நிமிச வேலை."

அன்று பிடித்தது சனி.

நேர் பிளேட் நல்லதா, நடுவில் மடிகிற பிளேட் நல்லதா... சாப்பிட உட்கார்ந்தாலும் போனில் படம் காட்டுவார். வண்டி என்னுடையது. ஒழுங்கையில் போய்வருகிறவனும் நான். என்னைத் தவிர எல்லாரிடமும் கருத்துக் கேட்டார். அக்கா மட்டும், "இஞ்சருங்கோ, அவன்ரை வாகனத்தை நாசமாக்கிப்போடாதேங்கோ" என்றாள். யார் கேட்டது?

கடைசியில் நெல்லியடியில் ஒரு வெல்டிங் கடையில், பழைய தண்ணீர் பவுசர் லொறியின் தாங்கியை வெட்டி, வளைவான தகடு ஒன்று செய்தார்கள். வண்டியைவிட அகலம்.

"கொஞ்சம் சின்னதாய்ச் செய்வம் அத்தான்."

"விசரா... ரயரை விட அகலமாய் இருக்கோணும். இல்லாட்டி ரயர் ஓட வழி கிடையாது."

பூட்டியதும் வண்டியின் முன்பக்கம் குனிந்துவிட்டது. தகடு காற்றை மறைத்ததில் எஞ்சின் கொதித்தது. பின் சில்லுகள் மண்ணைப் பிடிக்காமல் சும்மா சுற்றின. அதற்குப் பாரம் வேண்டுமென்று பின்னால் மண்மூட்டை ஏற்றச் சொன்னார். மண்ணைத் தள்ளுவதற்கு மண்ணையே சுமந்து திரிந்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

ஆனாலும் பொய் சொல்லக் கூடாது. ஓடத் தொடங்கியதும் மண் சுருண்டு சுருண்டு ஒரு பக்கம் விழுந்த அழகு! எனக்கே வாய் பிளந்தது. மூன்று நாள் நாங்கள்தான் ஊருக்கு ராசா.

விழுந்த பக்கத்தைத்தான் நாங்கள் பார்க்கவில்லை.

அது பக்கத்து வீட்டுச் சின்னராசா அண்ணையின் கிடுகு வேலி. ஒழுங்கை முன்னர் சைக்கிள் போகிற அகலம்தான். நான் பிக்கப் வாங்கியபோது, "பிழைக்கிற பிள்ளை" என்று சொல்லி, தன் வேலியை உள்ளுக்குத் தள்ளிப் போட்டு வழி தந்த மனுசன் அவர். எழுத்து இல்லை, உறுதி இல்லை. வாய்ச்சொல் மட்டும்தான்.

நாலாம் நாள் மண் பாரத்தில் வேலி அப்படியே அவருடைய மரவள்ளிக்கு மேல் சரிந்தது.

"உன்ரை வண்டி போகட்டுமெண்டு நான் வேலியைத் தள்ளினன். நீங்கள் வேலிக்கு மேலை மண்ணைத் தள்ளுறியளோ?" என்று வந்து நின்றார். முகம் சிவந்திருந்தது.

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுக்க முதல் அத்தான் குறுக்கே பாய்ந்தார்.

"அண்ணை, கனடாவிலையும் றோட்டுக் கரையிலைதான் தள்ளிவிடுறனாங்கள். ஒருத்தரும் சண்டைக்கு வாறேல்லை. ஏப்ரலிலை எல்லாம் உருகிப்போயிடும்."

"அத்தான், உது ஏப்ரலிலை உருகாது!" என்று கத்தினேன்.

அன்று மத்தியானமே சின்னராசா அண்ணை புது வேலி போட்டார், பழைய எல்லையில். வண்டியும் பிளேட்டும் என் வீட்டு வளவுக்குள்ளே. நான் வண்டியோடு உள்ளே. கரையில் மீன் காத்திருக்கிறது. கையில் இருந்த பிழைப்பைப் போக்கடித்துவிட்டேனே என்று அழுகையே வந்தது.

அதன்பின் சைக்கிளில் பெட்டி கட்டி, றோட்டு வரை உருட்டி, அங்கிருந்து ஓட்டோ பிடித்தேன். பாதி ஐஸ் வழியிலேயே கரைந்துவிடும். அத்தானோ லீவு முடிந்து விமானம் ஏறினார். போகும்போது சொன்னது: "பிளேட்டுக்கு எண்ணெய் பூசி வை, மச்சான். கறள் பிடிச்சிடும்."

பல்லைக் கடித்துக்கொண்டு கழற்றினேன். பிறகு பின்னேரங்களில் மண்வெட்டியோடு போய், வேலிக்கரை மண்ணை நானே அள்ளத் தொடங்கினேன். சின்னராசா அண்ணை உள்ளே நின்று பார்த்தபடி இருப்பார். நாலைந்து பின்னேரம் போனபிறகு குரல் வந்தது.

"உந்தப் பக்கம் கொட்டாதை. காத்து திருப்பிக் கொண்டந்து போடும்."

அடுத்த நாள் காலை பார்க்கிறேன், கதியால் தடிகளைப் பிடுங்கி, வேலியை மறுபடி உள்ளுக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். "வண்டியை எடு" என்றார். அவ்வளவுதான்.

இப்போது அந்த வீட்டில் ஆளில்லை. மகள் அவரைக் கனடாவுக்குக் கூப்பிட்டுவிட்டாள். போன மாரியில் வீடியோவில் வந்தார். மூக்கு வரை சால்வை.

"தம்பி, இஞ்சை ஒருத்தன் மகளின்ரை வாசலிலை ஸ்நோவைக் குவிச்சுப்போட்டுப் போறான். நான் வெளியிலை போய்ப் பேசினன். அவன் சிரிச்சுக் கை காட்டிப்போட்டுப் போயிட்டான். ஒரு சண்டைக்குக்கூட ஆளில்லையடா..."

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

"அங்கை என்ரை வேலி நிக்குதோ?"

"ஓம் அண்ணை, நிக்குது."

இந்தச் சோழகத்தில் மண் அந்த வேலியின் பாதிவரை ஏறிவிட்டது. சந்தையிலிருந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, வெயில் தணிய மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போகிறேன். மனைவி வாசலில் நின்று கேட்கிறாள், "ஆளில்லாத வளவு. உங்களை ஆர் கேட்டது?"

ஒருவரும் கேட்கவில்லை. இந்தப் பக்கம் கொட்டாதே என்று அதட்டவும் வேலிக்குள் ஆளில்லை. அதுதான் எனக்கு விசரைக் கிளப்புகிறது.