பிள்ளைக்கு மாத்தாள்

நான் ஐந்தாம் வகுப்பை இரண்டு முறை படித்தவள். முதல் முறை பத்து வயதில். இரண்டாவது முறை முப்பத்தாறு வயதில், என் மகள் படித்த அதே வகுப்பில், கடைசி பெஞ்சில். வகுத்தல் கணக்கு இரண்டாவது முறைதான் எனக்குப் புரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன் என் சிலேட்டை எட்டிப் பார்த்து எழுதுவான். டீச்சர் அவனை அதட்டிவிட்டு என் பக்கம் திரும்பி, "நீங்களும் கொஞ்சம் மறைச்சு எழுதுங்கம்மா" என்பார். வருஷக் கடைசியில் பிள்ளைகளெல்லாம் என்னை வகுப்புத் தலைவி ஆக்கப் பார்த்தார்கள். தையல் வேலை கிடக்கிறது என்று சொல்லித் தப்பித்தேன்.

காரணம் என் மகள். நான் கண்ணில் படாவிட்டால் அவளுக்கு மூச்சு வாங்கும். கை சில்லிட்டுப் போகும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் சுருண்டுவிடுவாள். நாலாம் வகுப்பில், தீபாவளிக்கு அப்புறம் இது ஆரம்பித்தது. முதலில் நடிப்பு என்று நினைத்து இரண்டு அடி போட்டேன். இப்போது நினைத்தாலும் என்மேலேயே எனக்கு ஆத்திரமாக வருகிறது. அப்புறம் மந்திரித்துக் கயிறு கட்டினோம். தீர்த்தமலைக்குப் போய்த் தலையில் தீர்த்தம் ஊற்றிக்கொண்டு வந்தோம். சளி பிடித்ததுதான் மிச்சம். கடைசியில் தர்மபுரி பெரிய ஆஸ்பத்திரியில் மனநல டாக்டர் பார்த்து, "இது பதற்றம்மா, கெட்ட பழக்கம் இல்ல. சரி பண்ணிடலாம்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கே அவர் காலில் விழலாம் போல இருந்தது.

செவ்வாய்க்கிழமை தோறும் கடத்தூரிலிருந்து பஸ் ஏறுவோம். தெருவில் கேட்டவர்களிடம் கண் டாக்டர் என்று சொல்லி வைத்தேன். கண்ணாடி எங்கே என்று ஒருத்தி கேட்டாள். ஃபிரேம் இன்னும் வரவில்லை என்றேன். ஒன்றரை வருஷமாக அந்த ஃபிரேம் வரவே இல்லை.

ஆஸ்பத்திரியில் கவுன்சிலர் என்று ஓர் அம்மா. மகளோடு தனியாகப் பேச வேண்டும் என்பார். நான் வெளியே போனால் இவள் மூச்சு முட்டி அழுவாள். நான் உள்ளே இருந்தால் வாயே திறக்க மாட்டாள். வீட்டில் ஏதாவது நடந்ததா என்று என்னைக் கேட்டார். "ஒரு கொறையும் இல்லைங்க" என்று அடித்துச் சொன்னேன். நடந்தது ஒன்றே ஒன்றுதான். அதை நான் ஒரு விஷயமாகவே நினைக்கவில்லை. அந்தத் தீபாவளிக்கு ரவிக்கை தைத்துத் தரும் அவசரத்தில் காலையிலிருந்து சாப்பிடாமல் மெஷின் மிதித்து, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மயங்கி விழுந்துவிட்டேன். பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள்தான் முதலில் பார்த்திருக்கிறாள். வீட்டுக்காரர் லாரி டிரைவர். அப்போது வடக்கே எங்கோ லோடு இறக்கிக்கொண்டிருந்தார். அக்கம்பக்கத்தார் தூக்கிப்போய்ச் சேர்த்தார்கள். சர்க்கரை இறங்கிவிட்டது, வேளைக்குச் சாப்பிடுங்கள், எப்போதும் கையில் இரண்டு மிட்டாய் வைத்துக்கொள்ளுங்கள் என்று மூன்றாம் நாள் அனுப்பிவிட்டார்கள். நான் வந்து பாக்கி ரவிக்கைகளைத் தைக்க உட்கார்ந்தேன். மிட்டாயாவது ஒன்றாவது.

இதற்கு நடுவில் எறும்புத் தொல்லை வேறு. மகளின் ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்தால் எறும்பு வரிசை. பார்த்தால் ஆரஞ்சு மிட்டாய் இரண்டு உள்ளே இளகிக் கிடக்கும். தின்னவும் மாட்டாள், எறியவும் மாட்டாள். நான் கத்திக்கொண்டே வெயிலில் தட்டிக் கழுவி வைப்பேன். மறுவாரம் புதிதாக இரண்டு மிட்டாய், புதிதாக எறும்பு. "படிக்கிற பொட்டியா, பொட்டிக்கடையாடி இது?" என்று கேட்பேன். பாக்ஸைப் பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொள்வாள்.

பொங்கல் கழிந்ததும் ஹெட்மாஸ்டர் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனுஷன். அவர் தயவில்தான் கடைசி பெஞ்சே எனக்குக் கிடைத்தது. "ஆறாங்கிளாஸ்க்குப் பெரிய பள்ளிக்கூடம் போகணும்மா. அங்க பொம்பளப் புள்ளைங்க மட்டும் ஆயிரம் பேரு. பெத்தவங்களுக்குக் கேட்டோட சரி. நானும் பேசிப் பாத்துட்டேன்" என்றார். ஜூன் மாதத்துக்குள் நான் இல்லாமல் உட்கார அவள் பழக வேண்டும். இல்லையென்றால் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடும்.

அந்த வாரம்தான் ஆஸ்பத்திரி வரிசையில் எங்கள் ஊர் மாவு மில் அக்காவைப் பார்த்தேன். பத்து வருஷமாக அவர் மில்லில்தான் கேழ்வரகு அரைக்கிறேன். "என்னா இந்தப் பக்கம்?" என்றேன். "சொந்தக்காரங்க அட்மிட்டு. நீ?" "எனக்கும் சொந்தக்காரங்கதான்" என்றேன். இரண்டு பேரும் மனநலப் பிரிவு வாசலில் சொந்தக்காரர்களைத் தேடுவதுபோல் நின்றோம். அதற்குள் அவருடைய எட்டு வயசு மகன் நாங்கள் உட்கார வேண்டிய பெஞ்சிலிருந்து ஒரு போல்ட்டைக் கழற்றிக்கொண்டு வந்து நீட்டினான். அவன் ஓர் இடத்தில் இரண்டு நிமிஷம் உட்கார்ந்ததை யாரும் பார்த்ததில்லை. அக்கா மகனைத் தெலுங்கில் திட்டிவிட்டு என்னிடம் தமிழில், "சரி, இனிமே என்னாத்த மறைக்கிறது" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். எனக்கு அழுகையும் வந்தது. ஊரில் எனக்கு ஓர் ஆள் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் அந்த யோசனையைச் சொன்னவர் அக்காதான். எங்கள் பக்கம் காட்டு வேலைக்கு மாத்தாள் போவது உண்டு. இன்றைக்கு உன் காட்டில் நான் களை வெட்டினால், நாளைக்கு என் காட்டில் நீ வெட்ட வேண்டும். கூலி கிடையாது. "அது மாதிரி புள்ளைங்களுக்கு மாத்தாள் போட்டுக்கலாமே. ஒரு நாளு உம் பொண்ண நான் பாத்துக்கறேன். ஒரு நாளு எம் பையன நீ பாத்துக்க" என்றார்.

"எம் பொண்ணு ஒரு ஆளுன்னா உம் பையன் மூணு ஆளு, அக்கா" என்றேன்.

"உம் பொண்ணு அழுவறத கேக்கறதுக்கு மூணு காது வேணும். சரியாப் போச்சு, போ" என்றார்.

முதலில் அவர் மகன் என் வீட்டுக்கு வந்தான். பழைய தையல் மெஷினைக் கழற்றிப் போட்டு, "மாட்டுடா" என்றேன். மத்தியானம் வரை சத்தமில்லை. மாட்டிய பிறகு இரண்டு திருகு மிச்சம் இருந்தது. மெஷின் என்னவோ முன்னைவிட நன்றாக ஓடியது.

அடுத்தது என் முறை. அரை மணி நேரம் மகளை மில்லில் விட்டுவிட்டு நான் எங்கேயாவது போக வேண்டும். அவள் என் முந்தானையைப் பிடித்த பிடியில் ஊக்கு தெறித்தது. அக்கா விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார். நான் நேராக எதிர் வரிசை பேக்கரியில் போய், மில் வாசல் தெரிகிற மாதிரி பன் அலமாரிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். சும்மா உட்கார முடியாதே, மூன்று முட்டை பஃப்ஸ் தின்றேன். நாலாவதைக் கடிக்கும்போது முகமெல்லாம் மாவாக அக்கா எதிரில் நின்றார்.

"அவ அழுது முடிச்சி பத்து நிமிஷம் ஆச்சு. நீ என்னாத்துக்கு இங்க அழுவற?" என்றார். அப்போதுதான் நான் அழுதுகொண்டிருந்தது எனக்கே தெரிந்தது.

"இந்த ஊருல வெச்சா நீ ஒளிஞ்சி பாப்ப. அடுத்த வாரம் உன்ன அரூருக்கு அனுப்பறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சொன்னபடியே அனுப்பினார். சாப்பாட்டுக் கேரியரை டவுன் பஸ்ஸில் ஏற்றிவிடுவதுபோல என்னை ஏற்றிவிட்டு, கண்டக்டர் காதில் ஏதோ சொன்னார். லைனிங் துணியும் நூலும் வாங்கிக்கொண்டு நான் திரும்ப வேண்டும். நாலு மணி நேரம். பஸ் மொரப்பூர் தாண்டவில்லை, எனக்குப் பொறுக்கவில்லை. "இங்கியே எறக்கி வுடுங்க" என்றேன்.

கண்டக்டர் மாட்டேன் என்று தலையாட்டிவிட்டார். "இல்லைங்கக்கா. அரூருலதான் எறக்கணும்னு உத்தரவு."

"யாரு உத்தரவு? நானென்ன மூட்டையா?"

"டிக்கெட்டே வாங்காத ஃப்ரீ பஸ்ல இவ்ளோ கோவம் ஆவாதுங்கக்கா" என்று சொல்லிவிட்டு, போனை எடுத்து யாரிடமோ, "ம், நல்லா இருக்காங்க. ஜன்னலோரம் உக்காந்திருக்காங்க. திட்டறாங்க" என்றார்.

அரூரில் இறங்கி, பஸ் ஸ்டாண்டு டீக்கடையைத் தாண்டினேன். டீக்கடைக்காரர் எங்கள் ஊர்க்காரர்தான். கூப்பிட்டு உட்கார வைத்து, வடையும் டீயும் கொடுத்துவிட்டு, போனில், "சாப்ட்டாங்க. ரெண்டு வடை" என்றார். எனக்குச் சுருக்கென்றது. துணிக்கடைக்குப் போனால், பாய் நான் வாயைத் திறப்பதற்குள் நாற்காலி போட்டார். "உக்காருங்கம்மா, நின்னுட்டே இருக்காதீங்க" என்றவர், லைனிங்கைக் கிழித்துக்கொண்டே தோளில் போனை இடுக்கி, "வந்துட்டாங்க, தெம்பாத்தான் இருக்காங்க" என்றார்.

எனக்குக் காது சூடேறிவிட்டது. என்னைப் பைத்தியம் என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள் இந்த மில்காரி என்று முடிவு கட்டினேன். மகளுக்கு அந்தப் பெயர் வந்துவிடக் கூடாது என்று ஒரு வருஷமாகக் கண் டாக்டர் கதை சொன்னவள் நான். இப்போது எனக்கேவா? வழியெல்லாம் சண்டைக்கு வார்த்தை சேர்த்துக்கொண்டே வந்தேன். நன்றாகச் சேர்ந்திருந்தது.

மில்லுக்குள் நுழைந்தால், மகள் கோதுமை மூட்டைமேல் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. கையில் மில் போன். மடியில் நோட்டுத் தாள் ஒன்று. கண்டக்டர் மாமா, டீக்கடை மாமா, துணிக்கடை பாய் என்று அவள் கையெழுத்தில் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரில் டிக் போட்டிருந்தாள். கடைசியாக, 'அம்மா மில்லுக்கு வந்தாச்சு' என்று ஒரு வரி. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அதற்கும் டிக் போட்டாள்.

அக்கா என்னை வெளியே இழுத்துப் போனார். "போன வாரம் நீ பஃப்ஸ் தின்னுட்டு இருந்தப்ப கேட்டேன், ஏம்மா அழுவறேன்னு. மில்லு ஓடற சத்தத்துல நாம பேசறது யாருக்கும் கேக்காதுன்னு சொன்னேன். அப்பத்தான் வாயத் தொறந்தா. 'நான் இல்லாதப்ப அம்மா வுழுந்துட்டா யாரு பெரீம்மா தூக்குவாங்க'ங்கறா. அவளுக்குத் தனியா இருக்க பயமில்ல ஆத்தா. நீ தனியா இருக்கறதுதான் அவளுக்கு பயம். எம் மில்லுக்கு வராத வூடு ஏது, எல்லாரு நம்பரும் எங்கிட்ட இருக்குது. ஆளுக்கு ஒரு போனு போட்டேன். எதுக்குன்னு ஒருத்தரும் கேக்கல."

சேர்த்து வைத்த சண்டையெல்லாம் எங்கே போனதோ. இத்தனை மாதமாக நான் அவளைப் பார்த்துக்கொள்வதாக நினைத்துக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். அவளோ முன் பெஞ்சில் உட்கார்ந்து, திரும்பித் திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். மில் வாசலில் உட்கார்ந்து, நாலு பேர் பார்க்க, வாய்விட்டு அழுதேன். மாவு அரைக்க வந்தவர்கள் வரிசை கலையாமல் ஒதுங்கிப் போனார்கள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை தொட்டியடியில் விழுந்ததைக் கவுன்சிலரிடம் சொன்னேன். அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு வேண்டியதுதான். போன் போடுவது நல்லது, ஆனால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும் என்றார். மூன்று போன் இரண்டானது, இரண்டு ஒன்றானது. மே மாதக் கடைசியில் ஒரு நாள் நான் அரூர் போய் வந்தபோது போனே போகவில்லை. துணிக்கடை பாய்க்குத்தான் மனசு கேட்கவில்லை. "பாப்பா கேக்கலியா?" என்று இரண்டு முறை கேட்டார். அவரும் கொஞ்சம் பழக வேண்டியிருந்தது. கண்ணாடி கேட்டவளிடம் நானே போய் உண்மையைச் சொன்னேன். "தெரியும், ஃபிரேமுக்கு இவ்ளோ நாளு ஆவாது" என்றாள். இந்த வருஷம் அவளும் பிள்ளைகளுக்கு மாத்தாள் வருகிறாள்.

ஜூன் மாதம் பெரிய பள்ளிக்கூடம் திறந்தது. கேட்டுக்கு வெளியே நானும் மில் அக்காவும். உள்ளே ஆயிரம் இரட்டைச் சடை. மகளின் கை சில்லிட்டுத்தான் இருந்தது. எனக்கும்தான். மணி அடிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போது, அவள் என் கையை விட்டாள். பையைக் கீழே வைத்து, ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்தாள். எறும்பு என்று வழக்கம்போலத் திட்ட வாயெடுத்தேன்.

இரண்டு ஆரஞ்சு மிட்டாயை எடுத்து அக்காவின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கினாள்.

"அம்மாவுக்கு மயக்கம் வந்தா குடுக்கணும் பெரீம்மா. இத்தன நாளா நான் வெச்சிருந்தேன். இனிமே நீங்க வெச்சிக்கோங்க" என்று சொல்லிவிட்டு, பாக்ஸை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டு கேட்டுக்குள் போனாள்.