பூவுக்கும் பட்டாணிக்கும் நடுவில் ஒரு பாடம்

கடந்த ஒரு மாதமாகத் தினமும் காலை ஒன்பது மணிக்குள் நான் பயாலஜி படித்து முடித்துவிடுகிறேன். ஆட்டோவில்!

சிரிக்காதீர்கள். ஆஸ்டின் டவுனிலிருந்து ஜெயநகரில் இருக்கும் என் ஆபீசுக்கு சார்லஸின் ஆட்டோவில்தான் போகிறேன். நாலு வருஷப் பழக்கம். அதே ஆட்டோவில், என் பக்கத்தில், அவருடைய மகள் ஜெனி. அவளுடைய காலேஜும் ஜெயநகரில்தான். செகண்ட் பியூசி — மற்ற ஊர்க்காரர்களுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு. பரீட்சை நெருங்க நெருங்க, ஆட்டோ டியூஷன் சென்டராகவே மாறிவிட்டது.

ஜெனிக்கு மனசுக்குள் படித்தால் மண்டையில் ஏறாது. வாய்விட்டுச் சொல்ல வேண்டும். புத்தகம் என் மடியில் இருக்கும். அவள் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பாள். நான் வரிக்கு வரி விரல் வைத்துச் சரிபார்ப்பேன்.

சார்லஸுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் கேட்டுக் கேட்டு, எந்த ரோட்டில் எந்தப் பாடம் என்பது அவருக்கு அத்துப்படி. லாங்ஃபோர்டு ரோட்டில் பூ. டபுள் ரோடு சிக்னலில் பட்டாணிச் செடி. லால்பாக் சுவரை ஒட்டிப் போகும்போது டி.என்.ஏ. பாடம் கொஞ்சம் பெரிசென்றால் வில்சன் கார்டன் வழியாகச் சுற்றிக்கொண்டு போவார். ஜெனி நடுவில் திக்கினால் வண்டியும் தானாக ஸ்லோவாகும்.

பரீட்சைக்கு மூன்றே நாள் இருந்த திங்கட்கிழமை, சும்மா புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பூ பாடம் முழுக்கப் பென்சில் கோடு, ஓரத்தில் சாம்பார்க் கறை. பட்டாணிப் பாடத்தில் ஒரு பக்கம் கிழிந்தே போயிருந்தது. நடுவில் இருந்த பாடம் மட்டும் கடையில் வாங்கிய மேனிக்குப் புத்தம்புதிதாக இருந்தது.

மனித இனப்பெருக்கம்.

இதை எப்போது ஒப்பிக்கப் போகிறாய் என்று கேட்டேன். ஜெனி என் கையை அழுத்தினாள். பிறகு மேலே பார்த்தாள். டிரைவர் சீட்டுக்கு மேலே, பின்னால் உட்காருகிறவர்கள் தெரிவதற்காக ஒரு சின்னக் கண்ணாடி மாட்டியிருப்பார்களே... அதில் அவளுடைய அப்பாவின் கண்கள் தெரிந்தன.

காலேஜ் வாசலில் இறங்கியதும் என்னை ஓரமாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். வீட்டில் இருப்பது ஒரு ரூம், ஒரு கிச்சன். எங்கே நின்று படித்தாலும் எல்லார் காதிலும் விழும். காலேஜ் லெக்சரரோ அந்தப் பாடத்தை வீட்டில் படித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அடுத்ததற்குத் தாவிவிட்டாராம். பிரிபரேட்டரி எக்ஸாமில் அந்தப் பாடத்துக் கேள்வி ஒன்றைக்கூட அவள் தொடவில்லை. மார்க் அதலபாதாளம். அதே மார்க் இப்போதும் வந்தால், அவள் ஆசைப்படுகிற நர்சிங் சீட் கனவோடு சரி.

"பூவுன்னா சத்தமா சொல்லிடறேன் ஆன்ட்டி. இத எப்படி அப்பா முன்னாடி சொல்றது?" என்றாள். கண் கலங்கியிருந்தது.

எனக்கு வீரம் வந்துவிட்டது. பெண்கள் உடலைப் பற்றி வெட்கப்படக் கூடாது என்று இதே பத்திரிகைப் பக்கத்தில் எத்தனை தடவை முழங்கியிருக்கிறேன்! சாயந்திரம் என் வீட்டுக்கு வா, ஒரு கை பார்த்துவிடலாம் என்றேன்.

வந்தாள். ஹாலில் என் மாமனார் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஜெனியைச் சமையலறைக்குக் கூட்டிப் போய், கதவைச் சாத்தி, மெதுவா சொல்லும்மா என்றேன். அவள் கர்ப்பப்பை என்பதற்கான இங்கிலீஷ் வார்த்தையைச் சொல்லும்போதெல்லாம் நான் கதவைப் பார்த்தேன். நான் பார்ப்பதை அவள் பார்த்தாள். அவ்வளவுதான்... பத்து வரிகூடத் தாண்டவில்லை. முழங்கிய லட்சணம் இது! அன்றைக்கு என்மேலேயே எனக்கு எரிச்சலாக இருந்தது.

மறுநாள் காலை. லாங்ஃபோர்டு ரோட்டில் பூ முடிந்தது. ஜெனி வழக்கம்போல நேராகப் பட்டாணிக்குப் போனாள். ஆட்டோ ஓரமாக நின்றது.

"நடுவுல ஒரு பாடம் இருக்குதில்ல? அத எப்பம்மா சொல்லுவ?" என்று கேட்டார் சார்லஸ்.

எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பூ எத்தனையாவது பாடம், பட்டாணி எத்தனையாவது பாடம் என்று ஜெனியே தினமும் நம்பர் சொல்லித்தானே ஆரம்பிக்கிறாள்? மனுஷன் அதைக்கூடவா கணக்கு வைத்திருப்பார்! வீட்டில் படித்துக்கொள்வாள் என்று நான் மழுப்பினேன். வீட்டிலும் அவர் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாராம், ஒரு நாள்கூட அந்தப் பாடம் காதில் விழவில்லையாம்.

ஜெனி வெளியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அது மனுஷங்க குழந்தை பெத்துக்கிற பாடம் என்று ஒருவழியாக நான்தான் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் மூன்று தடவை இருமினேன்.

சார்லஸ் இன்ஜினை அணைத்தார். கோபமா, கூச்சமா என்று பிடிபடவில்லை. பிறகு ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"இவ பொறந்தப்போ கழுத்துல கொடி சுத்திக்கினு இருந்தது மேடம். ஒரு நர்சம்மாதான் தாயையும் புள்ளையையும் காப்பாத்திக் குடுத்தாங்க. அவங்க வெக்கப்பட்டுக்கினு இந்தப் பாடத்த விட்டிருந்தா, இன்னிக்கி எனக்கு ஜெனி ஏது?"

அப்புறம் கையை உயர்த்தி, அந்தச் சின்னக் கண்ணாடியைக் கூரையைப் பார்க்கத் திருப்பிவிட்டார்.

"நான் பாக்கல. நீ சத்தமா சொல்லு."

வண்டி கிளம்பியது. முதல் இரண்டு வரி காற்றோடு போயிற்று. மூன்றாவது வரியில் குரல் கொஞ்சம் எழுந்தது. பக்கத்தில் பஸ் ஒன்று ஹார்ன் அடித்தது. அதற்கு மேல் கத்தினால்தான் எனக்கே கேட்கும் என்பதால் ஜெனி கத்தினாள். டபுள் ரோடு சிக்னலில் எல்லா வண்டியும் சட்டென்று நின்றபோது, அவள் மட்டும் நிற்கவில்லை. சினைப்பை, கரு, தொப்புள்கொடி எல்லாம் சிக்னல் முழுக்கக் கேட்டது.

ஸ்கூட்டரில் இருந்த ஒரு பெரியவர் திரும்பி உற்றுப் பார்த்தார். எனக்குக் காது சூடாகிவிட்டது. சார்லஸ் அலட்டிக்கொள்ளாமல் அவரிடம் கன்னடத்தில், "பயாலஜி பரீட்செ இதெ சார்" என்று, பரீட்சை இருப்பதைச் சொன்னார். பெரியவர் தலையாட்டினார். சிக்னல் விழுந்து கிளம்பும்போது ஜெனியைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார்.

நம் ஊரில் மனுஷர்களைப் பற்றி நாம் நினைத்து வைத்திருப்பதில் பாதிக்கு மேல் தப்பு என்று எனக்குத் தோன்றுகிறது. அவர்கள் என்ன நினைப்பார்களோ என்று நாமே நினைத்து, நாமே பயந்து, நாமே கதவைச் சாத்திக்கொள்கிறோம். அந்தப் பக்கம் ஆளே இருப்பதில்லை!

அன்றைக்கு சார்லஸ் லால்பாக்கை இரண்டு சுற்று சுற்றினார். நான் ஆபீசுக்கு முக்கால் மணி நேரம் லேட். மேனேஜர் காரணம் கேட்டார். பயாலஜி ரிவிஷன் என்றேன். ஐம்பத்திரண்டு வயதில் அதைச் சொல்ல ஒரு தைரியம் வேண்டுமா, இல்லையா?

புதன்கிழமையும் அதே பாடம், அதே சத்தம். வியாழக்கிழமை பரீட்சை எழுதிவிட்டு வந்த ஜெனி, என் வீட்டு வாசலிலிருந்தே கையை ஆட்டினாள். அந்தப் பாடத்திலிருந்து பெரிய கேள்வியே வந்ததாம். படம் வரையும்போது ஸ்கூட்டர் பெரியவரின் கட்டை விரல் ஞாபகம் வந்து, பரீட்சை ஹாலில் சிரித்துவிட்டாளாம். ரிசல்ட் இனிமேல்தான். ஆனால் அவள் முகத்தைப் பார்த்த பிறகு எனக்குப் பயமில்லை.

நேற்றும் அதே ஆட்டோவில்தான் போனேன். ஜெனிக்கு லீவு. கண்ணாடி இன்னும் கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. பரீட்சைதான் முடிந்துவிட்டதே, நேராக்கவில்லையா என்று கேட்டேன்.

"இருக்கட்டும் மேடம். பின்னாடி உக்கார்றவங்க நிம்மதியா பேசிக்கினு வரட்டும்" என்றார்.

வீட்டுக்கு வந்து இதை எழுதி முடித்தேன். ஹாலில் மாமனார் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எதிரிலேயே உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து ஒரு வார்த்தை விடாமல் சத்தமாகப் படித்தேன். கர்ப்பப்பை வந்த இடத்தில் அவர் கை ரிமோட்டைத் தேடியது.

டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, "அந்தப் பொண்ணுக்கு நர்சிங் சீட் கெடைச்சிடும் இல்ல?" என்று கேட்டார்.