முப்பத்தொன்றாம் ஜோனின் புள்ளி

பழிவாங்குவது என்று முடிவு செய்துவிட்டு, அதற்காக இருபது வருஷம் காத்திருக்க வேண்டிய ஆயுதத்தைத் தேர்ந்தெடுத்த முட்டாள் இந்த மைசூரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். நீங்களாகக் கண்டுபிடித்துக் கேவலமாக நினைப்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுவது மரியாதை இல்லையா, அதற்காகச் சொன்னேன்.

போன வாரம் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் சிக்னலில் ஸ்கூட்டரோடு நின்றிருந்தேன். பக்கத்துச் சுவரில் இங்கே சிறுநீர் கழிக்கக் கூடாது என்று கன்னடத்தில் பெரிதாக எழுதியிருந்தது. எழுதியவருக்கு நல்ல வாசகர்கள் வாய்க்கவில்லை. வெயில் ஏறிய அந்த நெடி மூக்கில் அடித்ததும் என் முதல் வேலை ஞாபகம் வந்துவிட்டது. மற்றவர்களுக்கு இளமைக்காலம் மல்லிகைப்பூவிலோ மழை விழுந்த மண்ணிலோ இருக்கிறது. எனக்கு இங்கே இருக்கிறது. எங்கள் ஆபீஸில் வரைபடங்களை அம்மோனியா வைத்துப் பிரதி எடுப்பார்கள். அந்த மெஷினுக்குப் பக்கத்து மேஜை என்னுடையது.

அக்ரஹாரத்தில் ஒரு மளிகைக்கடைக்கு மேலே மாடியில் இருந்தது ஆபீஸ். அங்கே உட்கார்ந்துகொண்டு, மைசூரும் சுற்றுவட்டாரமும் இருபது வருஷம் கழித்து எப்படிப் போய் வரும் என்று திட்டம் போட்டுக்கொண்டிருந்தோம். எந்த ரோடு அகலமாக வேண்டும், பஸ் எதுவரை ஓட வேண்டும், வெளிவட்டச் சாலை யாருடைய வயலைக் கிழித்துக்கொண்டு போக வேண்டும், எல்லாம் நாங்கள்தான். நானோ தமிழ்நாட்டு எல்லையோரம் ஹனூர்ப் பக்கத்துக்காரன். எங்கள் ஊருக்கு அன்றைக்குச் சாயங்கால பஸ் வருமா என்பதே கண்டக்டருக்கும் தெரியாது. அப்படிப்பட்டவன் கையில் இருபது வருஷத்தைக் கொடுத்திருந்தார்கள்.

எங்களுக்கெல்லாம் பெரியவர் சம்பத் சார். பூர்வீகம் மேல்கோட்டை. நெற்றியில் மெல்லிய ஸ்ரீசூர்ணம், கையில் பூதக்கண்ணாடி. எந்தக் காகிதத்தையும் முழுக்கப் பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டார். என் பிரச்சினை அங்கேதான் ஆரம்பித்தது.

ஊரை ஜோன் ஜோனாகப் பிரித்து, வீடு வீடாகப் போய், யார் எங்கே எதில் போகிறார்கள் என்று கேட்டு ஃபார்ம் நிரப்பவேண்டும். முப்பத்தொன்றாம் ஜோன் என் தலையில் விழுந்தது. ஊருக்கு வெளியே, பாதி வயல், பாதி புது லேஅவுட், மீதி நாய். அதில் ஒரு நாய் என் பேண்ட்டோடு நெருங்கிப் பழகிய பிறகு, பாக்கியிருந்த பதினோரு ஃபார்ம்களை ஹோட்டலில் செட் தோசைக்கு முன்னால் உட்கார்ந்து நானே நிரப்பினேன். பதினொன்றுதான், சத்தியமாக. ஆனால் அதில் ஒரு வீட்டின் மூன்று வயசுக் குழந்தை தினமும் ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டு நஞ்சன்கூடு ஃபாக்டரிக்கு ஷிஃப்டுக்குப் போய் வந்துகொண்டிருந்தது.

சார் அதைப் பிடித்துவிட்டார். தனியாகக் கூப்பிட்டுத் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். எல்லோரையும் மேஜையைச் சுற்றி நிற்கச்சொல்லி, கன்னடத்தில் ஒருமுறை வாசித்துக் காட்டினார். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்துவிட்டு, எனக்காகத் தமிழில் சொன்னார்.

"அந்தக் குழந்தைக்கு ஓவர்டைம் குடுக்கறாளான்னு கேட்டுண்டு வா."

அன்றையிலிருந்து என் பெயர் பாப்பு. கன்னடத்தில் குழந்தையைக் கொஞ்சும் சொல். வாட்ச்மேன் கூப்பிட்டான், காப்பி கொண்டுவருபவன் கூப்பிட்டான். டைப்பிஸ்ட் சுதாவிடம் பேசுவதற்கு மூன்று மாசமாக ஒரு வாக்கியத்தை மனசுக்குள் அடித்துத் திருத்திக்கொண்டிருந்தேன். அவள் முந்திக்கொண்டு, "பாப்பு, ஸ்டேப்ளர் கொடு" என்றாள். என் வாக்கியம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

சாரின் ஸ்கூட்டரில் காற்றைப் பிடுங்கலாமா என்று யோசித்தேன். அரைமணியில் பம்ப் அடித்துவிடுவார். எனக்கு வேண்டியது ஆறாத காயம். அப்போதுதான் அந்தப் புள்ளி கண்ணில் பட்டது.

அது என்னவென்று சொல்கிறேன், கஷ்டமில்லை. கம்ப்யூட்டருக்கு ஒவ்வொரு வீடாகச் சொல்லி மாளாது. அதனால் ஒரு ஜோனுக்கு ஒரே ஒரு புள்ளி வைப்போம். காலையில் அந்த ஜோனின் மொத்த ஜனமும் அந்தப் புள்ளியிலிருந்துதான் கிளம்புகிறது, சாயங்காலம் அங்கேயேதான் திரும்புகிறது என்று கம்ப்யூட்டர் நம்பிக்கொள்ளும். வீடுகள் நெருக்கமாக உள்ள இடமாகப் பார்த்து வைக்கவேண்டும். அவ்வளவுதான் சாஸ்திரம்.

சம்பத் சார் வீடு கட்டியிருந்தது அதே முப்பத்தொன்றாம் ஜோனில், ஒரு ஒற்றையடிச் சந்து மாதிரியான ரோட்டில். அக்ரஹாரத்து இரைச்சலே வேண்டாம் என்று போனவர். மத்தியானச் சாப்பாட்டில் தினமும் அந்தப் பேச்சுதான். காலையில் கதவைத் திறந்தால் குயிலைத் தவிர ஒரு சத்தம் கிடையாதாம். ரிடையர் ஆனதும் வாசல் தோட்டத்தில் நாவல் மரத்தடியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவாராம், அதற்குமேல் பெருமாளே வந்து கூப்பிட்டாலும் எழுந்திருக்கமாட்டாராம்.

லேஅவுட் நடுவில் இருந்த புள்ளியை எடுத்தேன். சாரின் கேட்டுக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தேன். மவுஸில் ஒரு க்ளிக். அந்த நிமிஷத்திலிருந்து, கணக்குப்படி, அந்தப் பக்கத்து ஜனம் அத்தனையும் காலை எட்டு மணிக்கு சம்பத் சார் வாசலிலிருந்து பொங்கிக் கிளம்பியது.

இதற்கு நடுவில் சார் எங்களை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். அவருடைய மனைவி, நாங்கள் மாமி என்போம், வாசல் தோட்டத்தில் பாய் விரித்து மேல்கோட்டைப் புளியோதரை போட்டார். இலையைக் கையில் ஏந்தியபடி நான் நடந்துகொண்டே சாப்பிட்டேன். ரோடு அகலமானால் எதுவரை போகும் என்று அடி எடுத்து அளந்துகொண்டிருந்தேன். செம்பருத்தி போகும். மரம் போகும். கேட்டிலிருந்து பதினாலு அடி, நேராக வாசற்படி வரைக்கும். மாமி பின்னாலேயே பாத்திரத்தோடு வந்து, "ஏம்ப்பா, நடந்தா ஜீரணம் ஆயிடறதா? இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ" என்றார். மூன்றாம் முறையாக வாங்கிக்கொண்டேன். புளிக்காய்ச்சல் உள்ளே இறங்க இறங்க மனசு இளகிவிட்டது. நாளைக்குக் காலையில் முதல் வேலையாகப் புள்ளியைப் பழைய இடத்திலேயே வைத்துவிடுவது என்று தீர்மானித்தேன். உண்மையாகவே தீர்மானித்தேன்.

கிளம்பும்போது, சுதா செருப்பு மாட்டிக்கொண்டிருக்கையில், சார் கேட்டில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார்.

"பாப்பு, கை அலம்பினியா?"

புள்ளி இருந்த இடத்திலேயே இருந்தது.

மறுவாரம் கம்ப்யூட்டர் மத்தியானம் முழுக்க முனகிவிட்டுப் படத்தைத் துப்பியது. வருங்காலத்து நெரிசல் எல்லாம் சிவப்புக் கோடு. சாரின் சந்து என் கட்டைவிரல் பருமனுக்குச் சிவந்திருந்தது. அகலப்படுத்த வேண்டும், பஸ் விட வேண்டும், வெளிவட்டத்தோடு இணைக்க வேண்டும் என்று அறிக்கையில் ஏறியது. சார் பூதக்கண்ணாடியோடு வெகுநேரம் பார்த்தார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். ஷிஃப்டுக்குப் போன குழந்தையைக் கண்டுபிடித்த கண்ணுக்குச் சொந்த வாசல் தெரியவில்லையே என்று கழிப்பறையில் போய்ச் சிரித்தேன்.

சிரித்து முடித்த பிறகுதான் அட்டையில் போட்டிருந்த இலக்கு ஆண்டைக் கவனித்தேன். இருபது வருஷம்.

அதன்பிறகு வேலை மாறினேன், கல்யாணம் ஆனது, தலையும் வழுக்கையானது. ஆனாலும் வருஷாவருஷம் தசராக் கூட்டம் வடிந்ததும் அந்த ரோட்டுக்கு ஒருமுறை போய்விடுவேன், வேண்டுதல் மாதிரி. பல வருஷம் ஒன்றும் நடக்கவில்லை. சரியாகப் புள்ளி வைத்த இடத்தில் ஒரு பசு படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. அரசாங்கத்தின் மெத்தனம் பொறுக்காமல், பொறுப்புள்ள குடிமகன் என்று கையெழுத்திட்டு, ரோட்டைச் சீக்கிரம் அகலப்படுத்தக் கோரி மனுவே அனுப்பினேன். அப்புறம் ஒரு பேக்கரி வந்தது, டுடோரியல் வந்தது, புது லேஅவுட் நாலு பக்கமும் முளைத்தது. நான் பொய்யாக வைத்த புள்ளியைத் தேடிக்கொண்டு ஊரே நிஜமாக வந்தது. போன வருஷம் சார் வீட்டு மதில்மேல் வெள்ளைப் பெயிண்டில் அளவுக் குறி போட்டிருந்தார்கள். அன்றைக்கு வீட்டுக்கு மைசூர்பாகு வாங்கிப்போனேன். என்ன விசேஷம் என்று மனைவி கேட்டதற்கு, ரோடு அகலமாகிறது என்றேன்.

அந்த சிக்னலில் பச்சை விழுந்ததும் நேராக அங்கேதான் விட்டேன்.

மதில் இல்லை. செம்பருத்தி இல்லை. நாவல் மரம் இருந்த இடத்தில் தார் இன்னும் மினுங்கிக்கொண்டிருந்தது. மாமி போய் மூன்று வருஷம் என்று எதிர் மருந்துக்கடையில் சொன்னார்கள். எங்கள் மாடி ஆபீஸ் எப்போதோ ஜிம் ஆகிவிட்டது. அம்மோனியா மெஷினைப் பற்றிக் கேட்டால் சின்னப் பையன்கள் விழிக்கிறார்கள். குயில் கூவினாலும் யாருக்குக் கேட்கும்?

ஒரே ஒரு படி மிச்சம். அதற்குக் கீழே ரோடு. நாற்காலி போட இடமில்லாமல், படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சம்பத் சார் நின்றிருந்தார். இளைத்து, பனியனோடு, ஸ்ரீசூர்ணம் மட்டும் அதே கோடாக. இந்தக் காட்சிக்காகத்தான் இத்தனை வருஷம் காத்திருந்தேன். கண்குளிரப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் திரும்பியிருக்கலாம். யார் செய்தது என்று தெரியாவிட்டால் அது என்ன பழி? ஸ்கூட்டரை நிறுத்தி இறங்கி, அவருக்கு நேர் எதிரே, ஒரு காலத்தில் நான் புளியோதரை தின்ற இடத்தில், நடுரோட்டில் நின்றேன். மூச்சுவிடாமல் சொல்லிவிட்டேன்.

"சார், அந்தக் காலத்துல நம்ம பிளான்ல, இந்த ஜோன் புள்ளிய உங்க வாசல்ல வெச்சது நாந்தானுங்க. வேணும்னேதானுங்க வெச்சேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு என் தோளுக்கு மேலே, ரோட்டைப் பார்த்தார்.

"ஓரமா நில்லுப்பா, பஸ் வர்றது."