ஜன்னலில் ஒட்டிய கொக்குகள்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் கவிஞனாக இருந்தேன். எங்கள் புறநகரான அஸ்தினாபுரத்தில் இது என் மனைவிக்கு மட்டும்தான் தெரியும். அவளும் வெளியில் சொல்லவில்லை. பத்திரிகைகளுக்கு அனுப்பியவை, கூடவே வைத்த தபால்தலை வீணாகாமல் திரும்பி வந்தன. வீட்டில் வாசித்துக் காட்டினால் மூன்றாவது வரியில் குக்கர் விசில் அடிக்கும். அவள் எழுந்து போவாள். "நல்லாருக்குங்க" என்று சமையலறையிலிருந்து குரல் வரும். மீதியை நானே எனக்கு வாசித்துக்கொள்வேன். என் ஆசை பெரிதல்ல. யாராவது ஒருவர், ஏதாவது ஒரு கவிதையை, கடைசி வரி வரைக்கும் படிக்க வேண்டும்.

பக்கத்தில் படம் இருந்தால் படிப்பார்கள் என்று தோன்றியது. அலுவலக நண்பருக்கு துபாயிலிருந்து ஒரு கேமரா வந்திருந்தது. அதை எப்படி இயக்குவது என்று அவருக்குப் புரியாததால் என் தலையில் கட்டினார். எனக்கும் புரியவில்லை என்பதை நான் சொல்லவில்லை. ஞாயிறு காலைகளில் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் பள்ளிக்கரணை சதுப்புக்குக் கிளம்பினேன். திட்டம் எளிமையானது: ஒரு படம், அதற்குக் கீழே ஒரு கவிதை.

கொக்குகள் ஒத்துழைக்கவில்லை. நான் சேற்றில் முட்டி போட்டு, மூச்சைப் பிடித்து, ஒரு கண்ணை மூடும்வரை ஆடாமல் அசையாமல் நிற்கும், மூடியதும் பெரும்பாலும் பறந்துவிடும். காலைக்கடனுக்குப் புதர்ப் பக்கம் ஒதுங்கியவர் ஒருவர் லுங்கியை இறுக்கிக்கொண்டு எழுந்து வந்தார்.

"இன்னா சார், யாரைப் படம் புடிச்சினு கீற?"

"கொக்கை."

அவர் கொக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கொக்கோட நிறுத்திக்கோ" என்று சொல்லிவிட்டு வேறு புதருக்குப் போனார்.

அந்த வருடப் பொங்கல் விழாவில், கோலப்போட்டிக்கும் இசை நாற்காலிக்கும் நடுவே எனக்கு ஒரு சுவர் தருவதாகக் காலனி சங்கம் ஒப்புக்கொண்டது. கவிதைகள் தயார். படங்கள்தான் கேமராவுக்குள்ளேயே இருந்தன. பிலிம் ரோலில் பாதிதான் எடுத்திருந்தேன். பாதி ரோலைக் கழுவக் கொடுப்பது எங்கள் வீட்டில் பாதி வெந்த சோற்றை இறக்குவது மாதிரி. எனவே மச்சினன் மகளின் காதுகுத்து வரை காத்திருந்து, மீதியை அங்கே தீர்த்து, ஸ்டூடியோவில் கொடுத்தேன். கொடுக்கும்போது, ஸ்டூடியோவுக்குப் போகும் எல்லாரும் சொல்கிற அந்த வாக்கியத்தைப் பழக்கதோஷத்தில் நானும் சொன்னேன்: "நல்லா வந்தது மட்டும் பிரிண்ட் போடுங்க."

போகிக்கு முதல் நாள் கவரைப் பிரித்தேன். காதுகுத்து முழுதும் இருந்தது. மாமன் மடி, மொட்டைத் தலை, அழுகை, பந்தி. சதுப்பு நிலத்தில் ஒரு புல்கூட இல்லை. ஸ்டூடியோக்காரரிடம் ஓடினேன்.

"மத்ததெல்லாம் எங்கே?"

"நீங்கதானே சார் நல்லா வந்தது மட்டும்னு சொன்னீங்க. அதுல ஆளே இல்ல சார். தண்ணி, புல்லு, ஏதோ ஒண்ணு நின்னுகினு கீது. கை தவறி அமுக்கிட்டீங்கன்னு நெனச்சேன்."

"அதெல்லாம் வேணும்னே எடுத்தது."

அவர் முகத்தில் பரிதாபம் தெரிந்தது. உடனே போட்டுத் தரச் சொன்னேன். பிரிண்ட் போடும் லேப் சிட்டியில் இருக்கிறது, பொங்கலுக்குப் பூட்டியாகிவிட்டது, திங்கட்கிழமைதான் திறப்பார்கள் என்றார். நெகட்டிவ்களைக் கையில் வைத்து அனுப்பினார்.

வீட்டில் நான் இலக்கியத்தின் எதிர்காலம் குறித்துப் பேசிக்கொண்டிருந்தபோது, தேங்காய் துருவிக்கொண்டிருந்த மனைவி நிமிராமல் சொன்னாள்: "வெளிச்சத்துல காட்டினா நெகட்டிவ்லயே தெரியுமே. சுவருக்கு பதிலா ஜன்னலைக் கேளுங்க."

கேட்டேன். சுவர் கோலப்போட்டிப் பரிசுகளுக்குப் பயன்படும் என்று சங்கச் செயலாளர் ஜன்னலைச் சந்தோஷமாகவே கொடுத்தார். பொங்கலன்று காலை, சங்கக் கட்டடத்தின் கிழக்குப் பார்த்த ஜன்னல் கண்ணாடிகளில் நெகட்டிவ் துண்டுகளை செலோ டேப்பால் ஒட்டி, கீழே சார்ட் பேப்பரில் எழுதிய கவிதைகளை ஒட்டினேன். கட்டைவிரல் அகலப் படங்கள். வெயில் பின்னாலிருந்து அடித்தது. வந்தவர்கள் கண்ணாடியில் மூக்கு இடிக்கப் பார்த்தார்கள்.

"யாருக்கு எக்ஸ்ரே சார்? எலும்பு ஏதாவது முறிஞ்சிடுச்சா?" என்றார் ஒரு மாமா.

நெகட்டிவ் என்று விளக்கினேன். நெகட்டிவில் வெள்ளை கறுப்பாகத் தெரியும் என்று விளக்கினேன். ஆரஞ்சு வானம் ஏன் என்று விளக்கினேன். விளக்கி முடிப்பதற்குள் இசை நாற்காலிக்கு மைக்கில் கூப்பிட்டார்கள். கவிதைகளை ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை. மதியம் கழற்றிவிடலாம் என்று டேப்பின் நுனியை நகத்தால் நெருடிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் எங்கள் எதிர்வீட்டுக்காரர் வந்தார். மறைமலை நகர் தொழிற்சாலை ஒன்றில் உதிரி பாகங்களை அனுப்புமுன் குறை பார்ப்பது அவர் வேலை. கல்யாணப் பத்திரிகையிலும் அச்சகத்தின் பெயர் வரை படித்துவிட்டுத்தான் வைப்பார். முதல் ஜன்னலில் நின்றார். படத்தைப் பார்த்தார். குனிந்தார். நிமிரவேயில்லை. விளக்கம் கேட்காத ஒரே ஆள் என்பதால் நானும் பக்கத்தில் போகவில்லை. வெகுநேரம் கழித்து அவரே கைகாட்டிக் கூப்பிட்டார்.

"சார், பாட்டெல்லாம் நல்லாத்தான் கீது. ஆனா இது ஒத்து வரலியே."

"எது?"

"கடைசி வரி சார்." கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பேப்பரைப் பார்க்காமலே சொன்னார்: "இத்தனை சேற்றில் நின்று, எங்கே துவைக்கிறாய் இந்த வெள்ளையை." பிறகு நெகட்டிவைத் தட்டிக் காட்டினார். "மேல காக்காய ஒட்டி வச்சிட்டு, கீழ வெள்ளைன்னா எப்படி சார்?"

என் வரியை இன்னொருவர் வாயில் அன்றுதான் கேட்டேன். நெகட்டிவ் பற்றிக் காலையிலிருந்து ஊருக்கெல்லாம் சொன்ன விளக்கம் தொண்டை வரை வந்தது. சொன்னால் அவர் "ஓ, அப்படியா" என்று நகர்ந்துவிடுவார்.

"நானும் யோசிச்சேன்" என்றேன். "எப்படி மாத்தலாம்?"

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "மொதல்லேர்ந்து பார்ப்போம்" என்று மறுபடி குனிந்தார்.

திங்கட்கிழமை பிரிண்டுகள் வந்தன. கொக்குகள் பளிச்சென்று வெள்ளையாக இருந்தன. எதிர்வீட்டில் காட்டினீர்களா என்று மனைவி கேட்டாள். இல்லை என்றேன். ஆல்பத்தில் காதுகுத்துக்குப் பின்னால் செருகி வைத்தேன்.