மில் வாசலில் நின்ற நேரம்

"நம்ம டைம் அக்கா போயிட்டாக தம்பி. நேத்தே எடுத்தாச்சு" என்று பழைய கண்டக்டர் போனில் சொன்னார். கடைசியாக முகத்தைக்கூடப் பார்க்கவில்லையே என்று மனம் அடித்துக்கொண்டது.

எண்பதுகளின் கடைசியில் ராஜபாளையத்தில் ஒரு தனியார் பஸ் கம்பெனியில், நாங்கள் 'டைம் அக்கா' என்று கூப்பிட்ட சௌந்தரம் அக்காவும் நானும் வேலை பார்த்தோம். நான் காசாளர், எந்த வண்டி எங்கே எப்போது போய்ச் சேரும் என்று வகுப்பவர் அக்கா. தூரத்தை வேகத்தால் வகுத்தால் போதாதா என்பார் முதலாளி. "தூரம் ரோட்டுல இல்ல, கூட்டத்துல இருக்கு" என்பார் அக்கா. ரயில்வே கேட், பருத்தி வண்டிகள், ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேர் நாள் என்று எல்லாம் அத்துப்படி. டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாரக்கணக்கில் குறித்த பிறகே அட்டவணை போடுவார். அது பிசகாது என்பதில் கொஞ்சம் கர்வமும் உண்டு.

சுந்தரபாண்டியம் போகும் சாயங்கால வண்டியை டிரைவர் சுப்பையா மட்டும் தினமும் தாமதமாகவே கொண்டு சேர்த்தார். காரணம் கேட்டால் தலையைச் சொறிவார். நேரம் தாராளமாகவே இருக்கிறது என்று அக்கா சொல்லிவிட்டார். சுப்பையாவுக்கு வேலை போனது.

எங்களுக்கெல்லாம் நேரம் சொல்கிறவர் ஒருநாள் தன் ரயிலைத் தவறவிட்டார். வீட்டுக்குப் போக அந்தச் சுந்தரபாண்டியம் பஸ்ஸில் கூட்டத்தோடு பின்னால் ஏறினார். ஷிப்ட் முடிந்த பெண்கள் மில் வாசலிலிருந்து ஓடிவர, புது டிரைவர் வண்டியைக் கிளப்பிவிட்டார். தொற்றி ஏறிய ஒருத்தி மூச்சு வாங்கிக்கொண்டே, "சுப்பையா அண்ணாச்சின்னா செத்த நேரம் நிப்பாக. டைம் எழுதுற அம்மா வந்தா மட்டும் நிக்க மாட்டாக, பயம்" என்றாளாம். அந்த அம்மா தான்தான் என்று அக்கா சொல்லவில்லை.

மறுநாள் முதலாளி முன்னால் போய் நின்றார். "என் கணக்கு தப்பு. நான் ரோட்டைப் பாத்தேன், அவிய என்னையப் பாத்திருக்காக. அண்ணாச்சியக் கூப்பிடுங்க" என்றார். முதலாளி முணுமுணுத்தபடி மில் வாசலுக்கு நேரம் கூட்டிக் கொடுத்தார். ஆனால் சுப்பையா அதற்குள் குடும்பத்தோடு திருப்பூர்ப் பக்கம் போய்விட்டிருந்தார். பல வருடம் ஆள் விட்டுத் தேடியும் அகப்படவில்லை.

பின்னொரு நாள் மில் வாசலில் பெண்கள் பொறுமையாக நடந்து வந்து ஏறுவதைக் காட்டி, நல்லதுதானே அக்கா என்றேன். "நல்லதுதான். அவரு செஞ்சத நம்ம பேர்ல எழுதிக்கிட்டோம்" என்றார்.

அக்காவை அறிந்த உங்களுக்கு அவருடைய கண்டிப்பு நினைவிருக்கலாம். 'என் கணக்கு தப்பு' என்று ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்ன அந்தக் குரலை நான் வைத்துக்கொள்கிறேன். அதைக் கேட்க வேண்டியவர் மட்டும் அன்று அங்கே இல்லை.